பழையதையே திரும்ப மாட்டினேன்

தொண்ணூறுகளின் கடைசியில் பர்மியர்கள் வாழும் தின்கன்ஜூன் பேட்டையில் தனியாளாகப் பட்டறை வைத்திருந்தேன். ஒரு மழைக்காலத்தில் நகரின் மறுகோடியிலுள்ள க்யிம்யிண்டைங்கிலிருந்து அந்தோணி அண்ணன் தன் பழைய ஜப்பான் காரைக் கொண்டுவந்தார். மூன்றாவது கியரை விட்டு அது மாறவே இல்லை. ஒயர்களைச் சோதித்தேன், குறையில்லை. டேஷ்போர்டுக்குக் கீழே, கியரைத் தானாக மாற்றும் கம்ப்யூட்டரைத் திறந்தால், மழைநீர் இறங்கிப் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது.

கழித்துப்போட்ட காரிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டி ஓட்டினேன். கியர் ஒவ்வொன்றாக விழுந்தது. அன்றே சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மா இறந்த பிறகு என்னோடு தமிழில் பேசிய ஒரே மனிதர் அவர். காரைப் பார்க்கத் தினமும் பஸ்ஸில் வந்து, டீ குடித்தபடி ஒரு மணி நேரம் பேசுவார்.

பழைய கம்ப்யூட்டரையே திரும்ப மாட்டினேன்.

"இன்னும் பிடிபடல அண்ணே," என்று நான்கு நாள் சொன்னேன்.

ஐந்தாம் நாள் மனைவியோடு வந்தார். அந்த அம்மாவுக்குக் காலில் சர்க்கரைப் புண். புண்ணைச் சுற்றிய கட்டுத்துணியில் இரத்தம் ஊறியிருந்தது.

"ஆஸ்பத்திரி போயிட்டு வர்றோம் தம்பி. பஸ்ல யாரோ மிதிச்சுட்டாங்க. நீ அவசரப்படாத, நிதானமா பாரு."

பத்து நிமிடத்தில் மாற்றிக் கொடுத்தேன்.

"கண்டுபிடிச்சுட்டியே," என்று தோளைத் தட்டினார். என்னால் நிமிர முடியவில்லை.

வேலை சுத்தமாகத்தான் இருந்திருக்க வேண்டும். அந்தக் கார் பிறகு என் பட்டறைக்கு வரவே இல்லை.