அந்தப் படத்துக்கு ஆள் இருக்கிறார்

போன வாரம் இதே இடத்தில் ஒரு அறிவிப்பு எழுதியிருந்தேன். வருகிற ஞாயிறு துடியலூரில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் போடுகிறோம், அனுமதி இலவசம், எல்லோரும் வாருங்கள் என்று. அதோடு நிறுத்தியிருக்கலாம். “இப்போது இது யாருக்கும் சொந்தமில்லாத படம்” என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன்.

பேப்பர் வந்த அன்று காலையில், டீக்கடையில் இருக்கும்போது போன்.

“ஏனுங்க, பத்தி எழுதறவருங்களா? கிணத்துக்கடவுல இருந்து பேசறேன். அந்தப் படத்தை எடுத்தவரோட மகள். யாருக்கும் சொந்தமில்லைன்னு எழுதிப்போட்டீங்க... நான் உசுரோடதானுங்க இருக்கேன்!”

தெரியாதவர்களிடம் எனக்குப் பேச வராது. ஸ்பீக்கரைப் போட்டு, பக்கத்தில் இருந்த காதர் பாயிடம் நீட்டிவிட்டேன். ஜவுளிக்கடைக்காரர், இந்தப் படக் காட்சியில் என் கூட்டாளி.

பாய் தெம்பாகத்தான் ஆரம்பித்தார். “கணக்குப் போட்டுத்தானுங்க அம்மா செய்யறோம். ரிலீசான வருசம் முடிஞ்சு அறுபது வருசம் ஆச்சுன்னா படம் பொதுவுக்கு வந்துரும். உங்களுது போன டிசம்பரோட முடிஞ்சுதுங்க.”

“எதை வெச்சுங்க கணக்கு?”

“படம் ஆரம்பிக்கறப்ப சென்சார் சர்டிபிகேட் காட்டறாங்கள்ல? அதுல தேதி இருக்குதுங்க.”

போனில் ஒரே சிரிப்பு. “சென்சார் ஆனது டிசம்பர். ரிலீஸ் பொங்கலுக்குங்க! நோட்டீஸ்கூட வெச்சிருக்கேன். இந்த வருசம் முடியற வரைக்கும் எங்களுதுதானுங்க.”

அறுபதைக் கூட்ட நான் படித்த ஐந்தாம் வகுப்பே போதும். ஆனால் எங்கிருந்து கூட்டுவது? அங்கேதான் கவிழ்ந்தோம். சர்டிபிகேட் வாங்கிய கையோடு தியேட்டருக்கு ஓடுவார்களா என்ன? பண்டிகை வரட்டும் என்று படப்பெட்டியை வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். இது தெரியாதா எனக்கு?

ஹால் பேசியாகிவிட்டது. சத்தியமங்கலத்திலிருந்து வாசகர்கள் வேன் வைத்து வருகிறார்கள். அந்த அம்மா வேண்டாம் என்றால் எல்லாம் ரத்து. மறுநாளே கிணத்துக்கடவுக்கு பஸ் ஏறினோம்.

“எழுதுனது நீங்க. நீங்களே பேசுங்க” என்று பாய் வாசலிலேயே சொல்லிவிட்டு, என் பின்னால் உள்ளே வந்தார்.

காபி ஆறும்வரை டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரே மூச்சில், “தப்பா எழுதிப்போட்டேனுங்க. படத்தைப் போட்டுக்கலாமுங்களா?” என்றேன்.

“போடுங்கன்னு சொல்லத்தானுங்க நான் போன் பண்ணுனதே! யாராச்சும் போட மாட்டாங்களான்னு இருந்தேன்.”

பாய்க்கு இன்னும் சந்தேகம். “நெகட்டிவ் உரிமையை அப்பா யாருக்கும் விக்கலீங்களே?”

“மூணு நாள் ஓடுன படத்தை யாருங்க வாங்குவாங்க?”

அனுமதிக் கடிதம் எழுதிக் கையெழுத்தும் போட்டார். நீட்டிய காகிதத்தை நான் வாங்கப்போகும்போது விடவில்லை.

“ஒரு பாட்டைக்கூட வெட்டக் கூடாதுங்க. எங்கப்பா படத்தைக் கடைசி வரைக்கும் உக்காந்து பார்த்த கூட்டத்தை நான் பார்த்ததே இல்லை.”

நானும் பாயும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் அந்தப் படத்தை முழுதாகப் பார்த்தவர்கள். இலவசமாகக் கிடைக்கிறது என்று நம்பியபோது அந்த அறுவைகூட நன்றாகத்தான் இருந்தது...

“சரிங்க” என்றேன்.

ஆகவே வாசகர்களே — ஞாயிறு காலை பத்து மணி. படம் மூன்று மணி நேரம். ஹாலுக்கு ஒரே வாசல். அங்கே அந்த அம்மா சேர் போட்டு உட்கார்ந்திருப்பார்!