முதுகு திறந்த ஹெட்போன்

இது நடந்தது. எனக்குத்தான் நடந்தது. 1991 பெப்ரவரி 17, ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல். பேய் நடுச்சாமத்தில்தான் வரும் என்கிறவர்கள் ஒருமுறை என்னோடு வந்து கதைக்கட்டும்.

நான் அருளம்பலம். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகும் வீதியில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தேன். அதற்கு ஆறு மாதம் முன்பு, ஆகஸ்ட் 12, என் தம்பி சோமசேகரத்தைப் பிடித்துக்கொண்டு போனார்கள். யார், எங்கே... ஒன்றும் தெரியாது. ஏறாத முகாம் படி இல்லை. கோயில்களில் வைக்காத நேர்த்தி இல்லை.

பிறகு கந்தளாயிலிருந்து யாரோ ஒரு கசெற் கொடுத்துவிட்டிருந்தார்கள். 'இதில் உங்கள் தம்பி கதைக்கிறார்' என்று கூடவே ஒரு துண்டுக் கடதாசி. போட்டால் ஒரே இரைச்சல். அடியில் ஏதோ முனகல். தம்பியின் மனைவி ராசமலர் கொப்பியும் பேனையுமாக வந்து கடைக் கதிரையில் இருந்துவிட்டாள்.

"அத்தான், காணாமல் போனாக்களுக்காக விடிய சேர்ச் ஃபாதர் கொழும்புக்குப் போறார். அவரை வைச்சிருக்கிற இடத்தின்ட பேர் இருந்தால்தான் மனுக் குடுக்கலாமாம்."

"ஓம் பிள்ளை, பொறு."

என்னிடம் இரண்டு ஹெட்போன். ஒன்று முதுகு மூடினது. மற்றது கப்பல்காரர் ஒருவர் தந்தது. அதன் காதுக் கிண்ணத்துக்குப் பின்னால் கம்பி வலை மட்டும்தான். குரல் துலக்கமாக இருக்கும். ஆனால் வெளிச்சத்தமும் உள்ளே வரும்.

2.10. மூடினதைப் போட்டேன். இரைச்சல்.

2.20. திறந்ததைப் போட்டேன். யாரோ கதைப்பது போல இருந்தது. காதுப் பஞ்சை எடுத்துவிட்டு மெல்லிய துணி வைத்தேன். இன்னும் துலக்கம். வலைக்குள் ஒட்டியிருந்த கடதாசியையும் உரித்தேன்.

"போதும்... அண்ணா..."

சத்தத்தைக் கூட்டினேன்.

"கேக்குதோ அத்தான்?"

"அவன்தான்! அவன்தான் பிள்ளை!"

அவள் அழத் தொடங்கினாள். நாடாவைத் திரும்பச் சுற்றி மூடினதில் கேட்டேன். குரல் இல்லை. திறந்ததில் கேட்டேன். இருந்தது. ஆனால் இந்த முறை வேறு இடத்தில்...

நாடாவில் பதிந்த குரல் இடம் மாறாது. இருபது வருடத் தொழில், எனக்குத் தெரியாதா? தெரிந்தும் ஆசை விடவில்லை.

2.41. வெளிச்சத்தம்தான் கெடுக்கிறது என்று நினைத்து வலைக்கு மேல் பிளாஸ்ரர் ஒட்டினேன். குரல் நின்றது. பிளாஸ்ரரை உரித்தேன்.

"போடாதை அண்ணா..."

குரல் நாடாவில் இல்லை. வலைக்கு வெளியே இருந்து வந்தது.

கழற்றினேன். கடை அமைதி. ராசமலர் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும்.

மாட்டினேன்.

"அண்ணா..."

2.47. டக். நாடா முடிந்து பொத்தான் மேலே வந்தது.

"போடாதை..."

வயரைப் பிடுங்கினேன்.

"மூச்சு விட ஏலாது..."

"எங்கையடா நிக்கிறாய்?" கத்திவிட்டேன்.

"இஞ்சைதான் அண்ணா."

கரகர... ஏதோ சரிந்து விழும் சத்தம்.

பிறகு ஒன்றுமில்லை. 2.52.

ராசமலரின் கொப்பியில் ஒரு பெயரும் ஏறவில்லை. "இஞ்சை எண்டு மட்டும்தான் சொன்னவன்" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்றுவரை மறக்க முடியவில்லை. ஃபாதர் மனு இல்லாமலே போனார்.

1995இல் என் கடைக்குப் பின்னால் இருந்த ஆளில்லா வளவில் அத்திவாரம் வெட்டினார்கள். தூர்ந்த கிணற்றுக்குள் எலும்புகள் இருந்தன. வலது காலில் ஓர் இரும்புத் தகடு. துறைமுக வேலையில் கால் முறிந்தபோது தம்பிக்கு வைத்தது. கைகள் இரண்டும் மேலே தூக்கியபடி இருந்தன என்று வெட்டியவர்கள் சொன்னார்கள்.

பிள்ளைகள் விழுந்துவிடுவார்கள் என்று அந்தக் கிணற்றைத் தூர்த்தது அயலவர்கள் நாங்கள்தான். 1990 ஆகஸ்ட் 14. அன்று துறைமுகப் பக்கம் விடாமல் வெடி. பக்கத்தில் நிற்பவன் கதைப்பதே கேட்கவில்லை. ஒருவரும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

முதல் கூடை மண்ணைக் கொட்டியவன் நான்.