தேவகி அத்தையும் படம் பிடித்து வைக்கும் பெட்டிகளும்

தேவகி அத்தை போய்விட்டார் என்று அவர் மகள் கலா அக்கா போனில் சொன்னபோது, ஆவடியில் ஒரு வீட்டு மாடியில் கண்காணிப்பு கேமரா மாட்டிக்கொண்டிருந்தேன். ஏணியிலிருந்து உடனே இறங்க முடியவில்லை.

அத்தையைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அப்பாவின் அக்கா, அயனம்பாக்கத்தில் வீடு. அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் கம்பெனி வேலை. சீரியல் ஓடும் நேரத்தில் அவர் தையல் மெஷின் முன்னால் இருப்பார். அதனால் ரெக்கார்டர் அவருக்கு ஆடம்பரமல்ல, தேவை.

முதலில் வாங்கியது வி.சி.பி. அது கேசட்டை ஓட்டும், பதியாது. தெரியாமல் புதுக் கேசட்டைச் செருகிவிட்டு வேலைக்குப் போய், திரும்பி வந்து வெற்றுத் திரையைப் பார்த்த கதையை அவரே சொல்லிச் சிரிப்பார். பிறகு எந்தக் கடையிலும் ஒரே கேள்விதான்: "படம் காட்றது கெடக்கட்டும், இது புடிச்சு வெக்குமா?"

கேசட்டில் பதியும் வி.சி.ஆர். வந்தது. டி.வி.டி. ரெக்கார்டர் வந்தது. கடைசியாக ஹார்ட் டிஸ்க் வைத்த செட்டாப் பாக்ஸ். எல்லாவற்றுக்கும் அவர் வைத்த பெயர் வி.சி.ஆர்.தான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"கேசட் வேற, டிஸ்க் வேற அத்தை!"

"நீ இன்ஜினியரு, உனுக்கு வேற வேற. நான் ஊட்டுக்கு வர்ற வரிக்கும் புடிச்சி வெச்சிகினு இருந்தா எனுக்குப் போதும்."

ஏரி நிரம்பித் தெருவில் தண்ணீர் நின்ற வருடம், மாமா செய்திக்காரர்களின் மைக்கைப் பிடித்துத் திட்டித் தீர்த்தார். டிவி செய்தியில் அது வந்தபோது அத்தை செட்டாப் பாக்ஸில் பதிந்து வைத்தார். மறு வருடம் மாமா காலமானார். அவர் பேசும் படம் வேறு கிடையாது. போன மாதம் அந்தப் பெட்டி கடகடக்க ஆரம்பித்தது.

"பென் டிரைவ்ல போட்டுக் குடு நைனா."

"முடியாது. இதுல பதிஞ்சது இதுல மட்டும்தான் ஓடும். கம்பெனிக்காரனுங்க பூட்டு போட்டு வெச்சிருக்கானுங்க."

அத்தையின் முகம் செத்துவிட்டது. ஒயர் போட்டு டி.வி.டி. ரெக்கார்டரில் இறக்கப் பார்த்தேன். அதற்கு உயிரே இல்லை. வேறு வழியின்றி, ஓடுகிற டிவியைப் போனில் எடுத்தேன். எனக்குப் பிடிக்காத அரைகுறை வேலை.

திரையில் மாமா கத்தினார்.

"மூஞ்சப் பாரு! சட்ட பட்டன மாத்திப் போட்டுகினு பேட்டி குடுக்குது" என்றார் அத்தை.

"பேசாதீங்க அத்தை, உங்க குரலும் விழுது."

"வுழட்டும் போடா. அந்தாளு பேசி நான் என்னிக்கு சும்மா இருந்தேன்?"

அத்தையின் காரியம் முடிந்ததும் கலா அக்கா கேட்டார்: "அம்மா பேசற வீடியோ எதுனா கீதாடா?" இத்தனை வருடம் ஊரையெல்லாம் பதிந்தவர் எதிலும் இல்லை. அன்று போனில் எடுத்ததை அனுப்பினேன். ஒயரில் இறக்கியிருந்தால் மாமா மட்டும் சுத்தமாக வந்திருப்பார். இதில் அவர் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் அத்தையின் பதில் இருக்கிறது. செய்தி முடிந்து திரை கறுத்ததும் அந்தக் கண்ணாடியில் அத்தை தெரிகிறார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்.

போய் வாருங்கள் அத்தை. மாமா இந்நேரம் பேச்சை ஆரம்பித்திருப்பார். குறுக்கே பேசுங்கள்.