நீக்கட்டுமா என்ற கேள்வி

எங்கள் பக்கத்தில் முகத்துக்கு நேரே யாரும் மறுத்துப் பேசுவதில்லை. கல்யாணத்துக்கு அழைத்தால் "கட்டாயம் வாறேன்" என்பார்கள். வரமாட்டார்கள் என்பது அழைத்தவருக்கும் தெரியும். ஆனாலும் அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டு சந்தோஷமாக அடுத்த வீட்டுக்குப் போவார். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துப் பாறசாலையில் பிறந்து வளர்ந்த எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நானே அப்படிச் சொல்லிவிட்டு எத்தனையோ பந்திகளுக்குப் போகாமல் இருந்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான்தான் அந்த வரியை எழுதினேன் என்று நினைத்தால் உடம்பு கூசுகிறது.

வீட்டில் இருந்தபடியே ஒரு கம்பெனிக்கு எழுதிக்கொடுப்பது என் வேலை. சின்னச் சின்ன தங்கும் வீடுகளை இணையத்தில் காட்டி ஆள் பிடித்துத் தரும் கம்பெனி. அதில் ஒரு ஏஐ ஏஜென்ட் உண்டு. வீட்டுக்காரர் போனில் பேசினால் போதும், வாடகையை மாற்றுவது, படம் சேர்ப்பது எல்லாவற்றையும் அதுவே செய்துவிடும். வாடகை மாற்ற ஒன்று, படம் சேர்க்க ஒன்று என்று அது கையில் எடுக்கும் ஒவ்வொரு ஏபிஐ கருவிக்கும் நான் விளக்கம் எழுத வேண்டும். இது என்ன செய்யும், எப்போது எடுக்கலாம், எப்போது தொடக் கூடாது. மனிதர்கள் அதைப் படிப்பது அபூர்வம். ஏஜென்ட்தான் படிக்கும், படித்தபடியே நடக்கும்.

அழிக்கும் கருவி ஒருநாள் என் கைக்கு வந்தது. ஒரு வீட்டின் பக்கத்தை அது அடியோடு நீக்கிவிடும். படங்கள் போகும், தங்கியவர்கள் எழுதிய கருத்துகளும் போகும், திரும்ப எடுக்க வழி கிடையாது. இதையெல்லாம் ஒழுங்காகவே எழுதினேன். நீக்கும் முன் வீட்டின் பெயரை உரிமையாளரே டைப் செய்ய வேண்டும் என்று வைக்கலாமா என்று கம்பெனியின் புரோகிராமர் கேட்டார். அவர்களை எதற்குப் படுத்த வேண்டும், மரியாதையாக ஒரு வார்த்தை கேட்டால் போதாதா என்று நான்தான் தடுத்தேன். "உரிமையாளரிடம் மரியாதையாகக் கேள், சம்மதித்தால் செய்" என்று எழுதினேன். என்னென்ன போகும் என்பதை அவரிடம் எடுத்துச் சொல் என்று எழுதத் தோன்றவில்லை. அந்த வரியில் எனக்கு ஒரு மிதப்பு வேறு.

கடற்கரை ஊரான பூவாரில் என் சித்தி, அம்மாவின் தங்கை, வீட்டில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறாள். சித்தப்பா போன பிறகு அதுதான் அவள் பிழைப்பு. அந்தக் கம்பெனியில் அவளைச் சேர்த்துவிட்டதும் நான்தான். ஆங்கிலத்தில் வரும் கருத்துகளை நான் தமிழில் படித்துக் காட்டுவேன். 'இன்னும் சாப்பிடச் சொல்லி அந்த அம்மா எங்களை ஏசினார், அந்த ஏச்சுக்காகவே மறுபடி வருவோம்' என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிச் சிரிப்பாள். இந்தக் கருத்துகளைப் பார்த்துத்தான் புது ஆட்கள் வந்தார்கள்.

இந்த மழைக்கு ஓர் அறை ஒழுகியது. கொஞ்ச நாளைக்கு அந்த அறைக்கு ஆள் அனுப்ப வேண்டாம் என்று சித்தி போனில் சொல்லியிருக்கிறாள். அதற்காக வீட்டின் பக்கத்தையே நீக்கட்டுமா என்று ஏஜென்ட் மலையாளத்தில் பணிவாகக் கேட்டிருக்கிறது. "ஆகட்டு மக்கா, செய்யி" என்று இவளும் சொல்லிவிட்டாள். அது செய்துவிட்டது.

மறுநாள் என்னை அழைத்தாள். "மக்கா, எனக்க வீட்டெ போன்ல காணல்லியே."

புரோகிராமருக்கு எழுதிக் கேட்டேன். கேள்வி கேட்கப்பட்டது, சம்மதம் பதிவாகியிருக்கிறது, கருவி சரியாகத்தான் வேலை செய்தது, உங்கள் விளக்கத்தில் குறை எதுவும் இல்லை என்று பதில் வந்தது. படித்ததும் முதலில் எனக்கு வந்தது நிம்மதி. அதற்குத்தான் இப்போது அதிகம் வெட்கப்படுகிறேன். சித்தியின் பிழைப்பில் மண் விழுந்திருக்கிறது, நானோ என் வேலை தப்பியது என்று மூச்சு விட்டேன்.

அன்றைக்கே பூவாருக்குப் போனேன். "மெஷினுக்க தப்பாக்கும் சித்தி" என்று வாய் கூசாமல் சொன்னேன்.

"அதெ ஏசாத. செய்யிண்ணு சொன்னது நானில்லியா? புதுசா ஒண்ணு போட்டா, அவிய எழுதினதெல்லாம் திரும்ப வருமா?"

"வராது சித்தி."

"பின்னெ இனி வாறவிய எதெப் பாத்து வருவாவ?"

மாட்டிக்கொண்டால் கோபம் வருவது என் குணம். "புரியல்லேண்ணா வேண்டாம்ணு சொல்லியிருக்கப்பிடாதா? ஒரு வார்த்தைதானே?" என்று அவள் மேலேயே பாய்ந்தேன்.

சித்தியின் முகத்தில் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"அது பேசுகதெல்லாம் நீ எழுதிக் குடுக்கதாக்கும்ணு நீதானே சொன்ன? நீ கேக்கண்ணுதான் நான் நெனச்சேன். ஒன்னட்ட எப்பிடி மக்கா வேண்டாம்ணு சொல்லுகது?"