வந்தவர்கள் திரும்பிப் போன பக்கம்

எலும்பு முறிவு வார்டில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்ததால், ஓய்வு பெற்ற பிறகும் எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். "முழுங்கிட்டேன் சிஸ்டர்" என்று சத்தியம் செய்தவர்களின் நாக்கைத் தூக்கச் சொல்லி, அடியில் ஒளிந்திருந்த மாத்திரையைக் கண்டுபிடித்தவர். யார் என்ன சொன்னாலும் அதையும் ஒருமுறை தூக்கிப் பார்க்காமல் நம்ப மாட்டார்.

வீட்டு முன்னறையில் சக்கர நாற்காலி, மடக்குக் கட்டில், வாக்கர் எல்லாம் அடுக்கி வாடகைக்கு விட்டு வந்தார். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. மாட்டினால் திருடனுக்கு வழி காட்டின மாதிரி என்பது அவர் கட்சி. தெரிந்த டாக்டர்கள் சொல்லி அனுப்பித்தான் ஆட்கள் வந்தார்கள். அந்த டாக்டர்களும் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுவிட, அதே வீட்டில் இருந்த கொழுந்தன் ஓர் இணையப் பக்கம் செய்துகொடுத்தான்.

மாதம் இருநூறு பேர் அதைப் பார்ப்பதாகக் கணக்குக் காட்டினான். போன் செய்ததோ மூன்று பேர், மிஞ்சினால் நாலு.

"மிச்சப் பேரெல்லாம் எங்க போறாங்க தம்பி?"

"சும்மா பார்த்துட்டுப் போயிடுவாங்க அண்ணி."

"சக்கர நாற்காலியை யாராவது சும்மா பார்ப்பாங்களா?"

கொழுந்தன் எச்சில் விழுங்கினான். அதையும் சிஸ்டர் குறித்துக்கொண்டார். ஊரின் மறுகோடியில் இதே தொழில் செய்யும் கடைக்கும் இவன்தான் பக்கம் செய்துகொடுத்திருந்தான். வேலியே பயிரை மேய்கிறதோ? அன்றிலிருந்து அவன் போன் பேசினால் இவர் அடுப்பைத் தணித்துவிட்டுக் காதைத் தீட்டினார். அவன் மாடிக்குப் போய்ப் பேசினால் துணி எடுக்கிற சாக்கில் இவரும் ஏறினார். ஒன்றும் சிக்கவில்லை. சிக்கவில்லை என்பதே சந்தேகத்தை இன்னும் வளர்த்தது.

ஒருநாள் காலை எதிர் அடுக்குமாடி வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. இறங்கியது ஒரு சக்கர நாற்காலி. முதுகில் மறுகோடிக் கடையின் சிவப்பு ஸ்டிக்கர். சிஸ்டரின் வாசலிலிருந்து பத்தடி தூரம்!

செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார். புதிதாகக் குடிவந்த டீச்சர் கதவைத் திறந்தாள். மாமனாருக்கு இடுப்பில் அடிபட்டு ஆபரேஷன் ஆகியிருக்கிறது. சிஸ்டர் தான் யார் என்று சொல்லிக்கொள்ளவில்லை. எதிர்வீடு என்று மட்டும் சொன்னார்.

"அவ்வளவு தூரத்துலேர்ந்தா வரவழைச்சீங்க? யாராவது சொன்னாங்களா?"

"யாரும் சொல்லலைங்க. முதல்ல வேற ஒரு பக்கம் திறந்தேன், இந்த ஏரியான்னு போட்டிருந்துச்சு. ஆனா அது ஏதோ ஏமாத்துக் கும்பல் மாதிரி தெரிஞ்சுது. பயந்து மூடிட்டேன்."

சிஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாழ்நாளெல்லாம் மற்றவரைச் சந்தேகப்பட்டவரை ஒருத்தி சந்தேகப்பட்டுவிட்டாள்.

"எங்க, காட்டுங்க பார்ப்போம்."

டீச்சர் தன் போனில் திறந்தாள். வெள்ளைத் திரையில் ஒரு வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு திடீரென்று பாட்டு அலறி, உள்ளே படுத்திருந்த மாமனார் "யாரு அது?" என்று கத்தினார். பாட்டை நிறுத்தும் பொத்தானை இருவரும் தேடினார்கள். அதற்குள் "வருக வருக" என்று ஒரு சின்னப் பெட்டி வந்து திரையை மறைத்தது. அதை மூடும் பெருக்கல் குறியோ எறும்பு சைஸ். மூன்றாம் முறைதான் விரல் சரியாகப் பட்டது.

அப்புறம் படிவம் வந்தது. பெயர், விலாசம், பிறந்த தேதி, வீட்டில் எத்தனை பேர். நிரப்பினால்தான் பொருளைக் காட்டும்.

"வீட்டுல எத்தனை பேருன்னு திருடன்தானே கேட்பான்?" என்றாள் டீச்சர். "அதையும் ஒருதரம் நிரப்பினேன். ஏதோ தப்புன்னு சொல்லி எல்லாத்தையும் அழிச்சிடுச்சு. வாடகை எவ்வளவுன்னு இல்லை. போன் நம்பரும் இல்லை. ஒளிஞ்சிருந்து யாவாரம் பண்றவங்களை எப்படிங்க நம்புறது?"

சிஸ்டர் மாமனாருக்குத் தலையணை சரியில்லை என்று சொல்லி, இரண்டு முட்டிக்கும் நடுவே ஒன்று வைத்துப் படுக்கவைத்துவிட்டுத் திரும்பினார்.

கொழுந்தன் வந்ததும் நாற்காலியில் உட்காரக்கூட விடவில்லை. "ஏமாத்துக் கும்பல்னு சொல்றாங்க தம்பி. அந்தக் கடைக்காரன் உனக்கு என்ன கொடுத்தான்?"

அவன் முகம் சிவந்துவிட்டது. "படிவம் யார் கேட்டது அண்ணி? போட்டிக்காரன் எட்டிப் பார்ப்பான்னு நீங்க. வாடகையைப் போடாதேன்னதும் நீங்க. கண்டவனும் கூப்பிடுவான், நம்பரைக் கடைசியில ஒளிச்சு வைன்னதும் நீங்கதான். அந்தக் கடைக்காரன் எதையும் கேட்கல. நம்பரை மேல போடுன்னான், அவ்வளவுதான்."

"பாட்டு?" என்றார் சிஸ்டர்.

கொழுந்தன் தலையைச் சொறிந்தான். "அது... அழகா இருக்கும்னு நான்தான்."

"அந்த எறும்புக் குறி?"

"அதுவும்."

"இருநூறு பேர் பார்க்கிறதா சொன்னியே?"

"வந்தது இருநூறுதான். உள்ள போனது ரொம்பக் கம்மி. சொன்னா நீங்க வருத்தப்படுவீங்கன்னு..." முன்பு அவன் எச்சில் விழுங்கியது எதற்கென்று அப்போது புரிந்தது. துரோகமில்லை, பயம். அண்ணி மேல் இருந்த பயம்.

"உட்காரு, காபி போடறேன்" என்றார். மன்னிப்புக்குப் பதிலாக அவரிடமிருந்து வருவது அதுதான் என்று கொழுந்தனுக்குத் தெரியும்.

அன்றே பாட்டு போனது, பெட்டி போனது, படிவம் போனது. பொருளின் படத்துக்குக் கீழே வாடகையைப் பெரிய எழுத்தில் போட்டார்கள். தெளிவான படம் வேண்டுமென்று ஒவ்வொரு கட்டிலையும் சிஸ்டரே துடைத்து ஜன்னல் பக்கம் இழுத்து வைத்தார். நம்பரை மேலே ஏற்றும்போது மட்டும் "கொஞ்சம் இரு, கொஞ்சம் இரு" என்று இரண்டு தடவை தடுத்தார். டீச்சரின் போனை இரவல் வாங்கி வந்து அதில் திறந்து பார்த்த பிறகுதான் விட்டார். தான் யார் என்பதையும் அவளிடம் அப்போதுதான் சொன்னார், அவள் சிரித்த சிரிப்பில் மாமனார் மறுபடியும் "யாரு அது?" என்றார்.

மறுநாள் மத்தியானமே போன் அடித்தது.

"யார் பேசறது? இந்த நம்பரை உங்களுக்கு யார் கொடுத்தது?" என்றார் சிஸ்டர், பழக்க தோஷத்தில்.

எதிர்முனை மிரண்டது. "உங்க... பக்கத்துலயே இருந்துச்சுங்க."

கொழுந்தன் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான். சிஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, சொல்லுங்க. படுத்திருக்கிறது யாரு, எங்க அடிபட்டிருக்கு?" என்று கேட்டபடி பேனாவை எடுத்தார்.