பாசிட்டிவ் ரிசல்ட்டும் ஒரு பெட்டி லட்டும்

தப்பு என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் நீங்கள் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம்.

குன்னூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், கர்ப்பிணிகள் ஓ.பி.யில் இருபத்தாறு வருடம் நர்ஸாக இருந்தேன். போன வருடம்தான் ரிடையர் ஆனேன். இப்போது நர்ஸிங் முடித்து வேலைக்கு வரும் பெண்கள் என்னிடம் வந்து, "சிஸ்டர், ஏதாவது அட்வைஸ் சொல்லுங்க" என்று கேட்பார்கள். நித்யாவின் கதையைச் சொல்லுவேன். அதில் நான் அசடு வழிந்ததுதான் பாதி.

நித்யாவுக்கு ஊர் கட்டபெட்டு. அங்கே ஒரு டீ ஃபேக்டரியில் தூள் சலிக்கிற இடத்தில் வேலை. மூன்றாம் மாதம் அவளுக்கு டபுள் மார்க்கர் எடுத்தோம். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் போன்ற பிறவிக் குறைபாடு இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் ரத்த டெஸ்ட் அது. ரத்தம் கோயம்புத்தூர் லேபுக்குப் போகும், ரிப்போர்ட் எனக்கு வரும். வந்த அன்று ஓ.பி.யில் நிற்க இடமில்லை. ரிப்போர்ட்டில் 'ஸ்கிரீன் பாசிட்டிவ்', அதாவது வாய்ப்பு கொஞ்சம் கூடுதல் என்று இருந்தது. அவள் கணவர் செல்வத்துக்குப் போன் போட்டு, "ரிசல்ட் பாசிட்டிவ் வந்திருக்குங்க, நாளைக்கு ரெண்டு பேரும் டாக்டரைப் பாக்க வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை முதல் ஆளாக வந்தார்கள். செல்வம் கையில் ஒரு பெட்டி லட்டு.

"மொத லட்டு உங்களுக்குத்தானுங்க சிஸ்டர்."

"எதுக்குங்க?"

"ஏனுங்க, நீங்கதானுங்களே பாசிட்டிவ்னு சொன்னீங்க. ரெண்டு மாசம் முன்னால உண்டாயிருக்கான்னு பாத்தப்பவும் இதையேதானுங்க சொன்னீங்க. அன்னைக்கு அவசரத்துல ஒண்ணும் வாங்கலீங்க. இன்னைக்குச் சேத்தி வாங்கியாந்துட்டேன்."

அந்த மனிதரைக் குறை சொல்ல முடியுமா? அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே வாயால், அதே வார்த்தையைச் சொன்னவள் நான்தான். கையில் கொடுத்த லட்டைத் தின்னவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் அவர்களை உள்ளே அனுப்பினேன். கூடவே நானும் போனேன், தப்பித்து ஓட வழியில்லாததால்.

டாக்டரம்மா நிதானமாக விளக்கினார். நூற்று இருபதில் ஒரு பங்கு வாய்ப்பு என்று ரிப்போர்ட் சொல்கிறது. உறுதியாகத் தெரிய வேண்டுமானால் பதினாறாம் வாரத்துக்கு மேல் கோயம்புத்தூரில் அம்னியோ டெஸ்ட் செய்யலாம். வயிற்றில் ஊசி செலுத்தி, குழந்தையைச் சுற்றியிருக்கும் நீரில் கொஞ்சம் எடுத்துப் பார்ப்பார்கள். ஆனால் அந்த ஊசியாலேயே கரு கலைய ஒரு சின்ன வாய்ப்பும் இருக்கிறது. செய்வதா வேண்டாமா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

செல்வத்தின் முகத்தில் ரத்தமே இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் நான்காம் மாதத்தில் அவர்களுக்கு ஒரு கரு கலைந்திருந்தது. அப்போதும் நான்தான் பக்கத்தில் இருந்தேன். நித்யா அழுதாள், நன்றாகவே அழுதாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ரிப்போர்ட்டைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அப்ப இது சல்லடைங்க, டாக்டர்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"நாங்க தூள் சலிக்கையில மேல நிக்கறதெல்லாம் குப்பை இல்லீங்க. முக்காவாசி நல்ல தூளாத்தான் இருக்கும். சந்தேகத்துக்கு ஒதுக்கறதுதான் சல்லடை வேலை. எடுத்துப் பாத்தாத்தான் எதுன்னு தெரியும். கீழ எறங்கினதுலயும் நார் கொஞ்சம் போயிருக்கும், அதை யாரும் பாக்கறதில்ல. என்னைய மாதிரி ரிப்போர்ட் வந்த நூத்தி இருவது பேர்ல, நூத்திப் பத்தொம்பது பேருக்கு இது இல்லைன்னுதானுங்க அர்த்தம்?"

"அதேதாம்மா" என்றார் டாக்டரம்மா.

செலவு கூடுதலான இன்னொரு ரத்த டெஸ்ட் பற்றியும் அவர் சொன்னார். அதில் இன்னும் தெளிவாகத் தெரியும், ஆனால் அதுவும் உறுதியான பதில் ஆகாது. "சன்னக் கண்ணுச் சல்லடைங்க" என்று அதையும் அடக்கிவிட்டாள் நித்யா. இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ பேருக்கு இதை விளக்கி, அவர்களையும் குழப்பி நானும் குழம்பியிருக்கிறேன். படிப்பு என்னிடம் இருந்தது, புரிதல் அவளிடம் இருந்தது. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

வெளியே வந்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "நானா இருந்தா ஊசியப் போட்டுப் பாத்துருவேன் கண்ணு" என்றேன்.

"நீங்களா இருந்தா போட்டுக்குவீங்க சிஸ்டர். நானா இருந்தா என்ன பண்ணணும்னுதான் ரோசனை பண்றேன்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்று இருந்தது.

பத்து நாள் கழித்து இருவரும் வந்தார்கள். நித்யாதான் பேசினாள்.

"ஊசி வேண்டாங்க டாக்டர். உறுதியாத் தெரிஞ்சாலும் நான் பெத்துக்கத்தான் போறேன். ஏற்கெனவே ஒண்ணு கலைஞ்சவ நான், ஊசியால இன்னொண்ணு கலையறதுக்குத் துணிய மாட்டேன். ஆனா இப்படிக் கொழந்தைகளுக்கு நெஞ்சுல ஓட்டை கீட்டை இருந்தா ஸ்கேன்ல தெரியும்னீங்களே, அது வேணுங்க. ஓட்டை இருந்தா கோயமுத்தூர்லதான் பிரசவம் பாக்கணும். மழையில ரோட்டுல மண்ணு சரிஞ்சா எங்க போறது? முன்னாலயே மலையெறங்கி அங்க எங்கக்கா ஊட்டுல தங்கிக்குவேன்."

தெரிந்துகொண்டால் என்ன மாற்றிச் செய்வோம் என்று ஒவ்வொரு டெஸ்டையும் கேட்டுப் பார்த்திருக்கிறாள். மாறாததைத் தள்ளினாள், மாறுவதை எடுத்துக்கொண்டாள். அசந்துபோனேன். அதே மாதம் அருவங்காட்டிலிருந்து வந்த ஒரு டீச்சர் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டார். தெரியாமல் ஐந்து மாதம் தன்னால் இருக்க முடியாது, எதுவானாலும் தெரிந்த பிறகுதான் யோசிக்க முடியும் என்றார். அதுவும் நல்ல காரணம்தான்.

ஊசி வேண்டாம் என்ற தாளில் கையெழுத்துப் போடப்போன நித்யா பேனாவை நிறுத்தினாள்.

"சிஸ்டர், இதுல கையெழுத்துப் போட்டா, பிரசவத்துக்கு என்னைய இங்க சேத்துக்க மாட்டீங்களா?"

பத்து நாளும் இந்தப் பயத்தோடுதான் யோசித்திருக்கிறாள். டெஸ்ட் செய்தாலும் செய்யாவிட்டாலும் நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்று எங்களில் ஒருத்தருக்கும் முதல் நாளே சொல்லத் தோன்றவில்லை. "யாரு சேத்துக்கலைன்னாலும் நான் சேத்துக்குவேன், போடு" என்றேன். எனக்கு அவமானமாக இருந்தது.

ஸ்கேனில் இதயம் நன்றாக இருந்தது. ஜூலை மாதம், மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், எங்கள் ஆஸ்பத்திரியிலேயே பெண் குழந்தை பிறந்தது. டவுன் சிண்ட்ரோமுக்கான அடையாளம் எதுவும் இல்லை என்று குழந்தை டாக்டர் பார்த்துச் சொன்னதும் வார்டுக்கு ஓடினேன். நான் பட்ட சந்தோஷத்தைப் பார்த்தால் பெற்றவள் நான்தான் என்று நினைத்திருப்பார்கள்.

"பாத்தியா கண்ணு, நீ எடுத்த முடிவு சரியாப் போச்சு."

நித்யா பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"பாப்பா வேற மாதிரி பொறந்திருந்தாலும் அது சரியான முடிவுதானுங்க சிஸ்டர்."

குழந்தையின் காலைப் பிடித்துப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் குனிந்துகொண்டேன்.

அதன்பின் போனில் எந்த ரிசல்ட்டையும் சொன்னதில்லை. டெஸ்டைப் பற்றிப் பேசும்போது, செய்தாலும் செய்யாவிட்டாலும் உன்னை நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்றுதான் ஆரம்பிப்பேன். குழந்தை பிறந்த பிறகு யாருடைய முடிவையும் சரி என்றோ தப்பு என்றோ சொன்னதில்லை. பாராட்டத் தோன்றினால், யோசித்து முடிவு சொல்ல வருகிற அன்றே பாராட்டிவிடுவேன்.