ரேடியோ இரைச்சலுக்குக் கட்டம் இல்லை

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் இன்று ரேடியோ நிலையத்துப் பெண்கள் இருவர் ஏறினார்கள். யாருக்கு எந்த நிகழ்ச்சி பிடிக்கும் என்று கேட்டு எழுதுகிற வேலையாம். ஒருவர் பெரிய அதிகாரி. மற்றவள் வேலைக்குப் புதுசு.

"செய்திதாம்மா!" என்றேன் மிடுக்காக.

முன் சீட்டில் இருந்த எங்கள் பக்கத்துத் தெரு கதீஜா சொன்னாள்: "நிகழ்ச்சியெல்லாம் முடிஞ்சப்புறம் உஸ்ஸுனு இரையுது பாருங்க, அதான் புடிக்கும். எங்க வூட்டுக்காரரு இருக்குற சிங்கப்பூர் கடல் மாதிரியே கேக்கும்."

"ஏன், நம்ம கடலு பத்தாதா?" என்றேன்.

"அது இந்தக் கரைண்ணே."

"மேடம், ஃபாரத்துல இதுக்குக் கட்டமே இல்லியே. விட்டுடவா?" என்றாள் புதியவள்.

"கட்டம் நாம போட்டதும்மா. அவுங்க சொன்னத ஓரத்துல அப்படியே எழுது," என்றார் அதிகாரி.

சிதம்பரம் வரைக்கும் பஸ் இரைச்சலே எனக்குக் கடலாகக் கேட்டது.

செய்தி வந்தாலே நான் குறட்டைதான். நீங்களாவது நிஜத்தைச் சொல்லியிருப்பீர்களா?